தாய்லாந்தில் வாழும் வெளிநாட்டவரும் தாய் அரசியலும்: எதைப் பேசலாம், எந்தச் செய்தியை நம்பலாம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்காகவோ, திருமணமாகியோ, ஓய்வுக்காலத்தைக் கழிக்கவோ தாய்லாந்தில் குடியிருப்பவர்களுக்கு அந்நாட்டு அரசியல் தூரத்துச் செய்தி அல்ல. கஞ்சாக் கடை முதல் வங்கிக்கு வரும் ஓய்வூதியம் வரை ஒவ்வொரு அரசு மாற்றமும் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. கருத்து இருப்பது இயல்பு. அதை எங்கே, எப்படிச் சொல்வது, எந்தச் செய்தியை வைத்து முடிவெடுப்பது என்பதில்தான் பலர் இடறுகிறார்கள்.

வெளிநாட்டவர் தாய் அரசியல் பற்றிக் கருத்துச் சொல்வதே குற்றமா?

இல்லை. குறைந்தபட்சக் கூலி, பாங்காக்கின் நுண்தூசி, 10,000 பாட் டிஜிட்டல் பணத் திட்டம், கேசினோ மசோதா என எல்லாவற்றைப் பற்றியும் வெளிநாட்டவர் தினமும் பேசுகிறார்கள், எழுதுகிறார்கள். அதற்காக யாரும் கைதாவதில்லை.

2017 அரசியல் சாசனத்தின் 34ஆம் பிரிவு பேச்சுரிமை தருகிறது. ஆனால் அந்தப் பிரிவு இடம்பெறும் அத்தியாயத்தின் தலைப்பே ‘தாய் மக்களின் உரிமைகளும் சுதந்திரங்களும்’ என்பதுதான். தாய் குடிமகனுக்குச் சிறை மட்டுமே ஆபத்து. உங்களுக்குச் சிறையும் உண்டு, விசா ரத்தும் உண்டு.

தாண்டக் கூடாத வேலிகள் மூன்று: அரண்மனை, நீதிமன்றம், தனிமனிதரின் பெயர். முதலாவதில் உங்கள் நல்லெண்ணம் உதவாது. மற்ற இரண்டிலும் எப்படிச் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்து வழி இருக்கிறது.

112 என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது என்ன?

தாய் குற்றவியல் சட்டத்தின் 112ஆம் பிரிவு. அரசர், அரசி, பட்டத்து வாரிசு, அரசப் பிரதிநிதி ஆகிய நால்வரை அவமதிப்பதும், அவதூறு செய்வதும், மிரட்டுவதும் குற்றம். ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் 3 முதல் 15 ஆண்டு வரை சிறை. பாதிக்கப்பட்டவர்தான் புகார் தர வேண்டும் என்பதில்லை. யார் வேண்டுமானாலும், எந்தக் காவல் நிலையத்திலும் தரலாம். பாங்காக்கில் இருப்பவர் மீது தெற்கு மாகாணத்தில் ஒருவர் புகார் கொடுத்தால், விசாரணைக்கு அங்கேதான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

‘ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். 2021 ஜனவரியில் அஞ்சன் என்ற முன்னாள் அரசு ஊழியரின் வழக்கில் நீதிமன்றம் கணக்குப் போட்ட விதம் இது: ஒலிப்பதிவுத் துணுக்குகளைப் பகிர்ந்தது 29 முறை, முறைக்கு 3 ஆண்டு, ஆக 87 ஆண்டு. குற்றத்தை ஒப்புக்கொண்டதால் பாதி, அதாவது 43 ஆண்டு 6 மாதம். அந்தப் பேச்சு அவருடையதல்ல. அவர் செய்தது பகிர்வு மட்டுமே. 2020 நவம்பருக்குப் பிறகு மட்டும் 270க்கும் மேற்பட்டோர் மீது இந்தப் பிரிவு பாய்ந்திருக்கிறது.

இந்தச் சட்டம் கூடாது, திருத்த வேண்டும் என்று சொல்வதாவது பாதுகாப்பா? முன்பு ஓரளவு இருந்தது. 2024 ஜனவரி 31 அன்று அரசியல் சாசன நீதிமன்றம், 112ஐத் திருத்துவோம் என்று மூவ் ஃபார்வர்டு கட்சி பிரசாரம் செய்ததே அரசமைப்பைக் கவிழ்க்கும் முயற்சி என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 7 அன்று கட்சி கலைக்கப்பட்டது, நிர்வாகிகள் 11 பேருக்கு 10 ஆண்டு அரசியல் தடை. தேர்தலில் முதலிடம் பிடித்த கட்சிக்கே இந்த நிலை என்றால், ஆண்டு விசாவில் இருப்பவர் பொதுவெளியில் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது. இது நியாயம் என்று நாங்கள் சொல்லவில்லை. இந்தச் சட்டம் மனிதர்களின் வாழ்க்கையைத் தின்கிறது என்பதே எங்கள் எண்ணம். ஆனால் வாசகர் ஒருவர் அதற்கு இரையாவதை நாங்கள் விரும்பவில்லை.

வெளிநாட்டவர் மீது உண்மையிலேயே இந்தப் பிரிவு பாய்ந்திருக்கிறதா?

பாய்ந்திருக்கிறது. சியாங் மாயில் அரசரின் படங்கள் மீது கறுப்பு வண்ணம் தெளித்த சுவிட்சர்லாந்துக்காரருக்கு 2007இல் 10 ஆண்டு. தன் நாவலில் ஒரு பத்தி எழுதிய ஆஸ்திரேலிய எழுத்தாளருக்கு 2009இல் 3 ஆண்டு. இருவருக்கும் சில வாரங்களில் அரச மன்னிப்பு கிடைத்து நாடு திரும்பினார்கள். ‘வெளிநாட்டவரை எப்படியும் விட்டுவிடுவார்கள்’ என்ற பேச்சு இங்கிருந்துதான் வந்தது. மன்னிப்பு தீர்ப்புக்குப் பிறகுதான் வரும். அதற்கு முன்பு மாதக்கணக்கில் ஜாமீன் இல்லாத சிறைவாசம் இருக்கிறது.

2011இல் கைதான தாய்-அமெரிக்கர் ஒருவரின் வழக்கு இன்னும் முக்கியமானது. தடைசெய்யப்பட்ட நூலின் பகுதிகளை மொழிபெயர்த்து இணையத்தில் போட்டபோது அவர் இருந்தது அமெரிக்காவில். பிறகு சிகிச்சைக்காகத் தாய்லாந்து வந்தபோது கைது. சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு எழுதியது உங்களோடு விமானம் ஏறி வரும்.

2025 ஏப்ரலில் பிட்சனுலோக்கில் பல்கலைக்கழகம் ஒன்றில் கற்பித்து வந்த அமெரிக்க ஆய்வாளர் பால் சேம்பர்ஸ் கைதானார். தாய் ராணுவத்தைப் பற்றி ஆய்வு செய்பவர். புகார் கொடுத்தது ராணுவமே. சிங்கப்பூர் ஆய்வு நிறுவனம் ஒன்றின் இணையதளத்தில் வந்த கருத்தரங்கு அறிவிப்பின் வாசகம்தான் புகாருக்கு அடிப்படை. அதைத் தான் எழுதவில்லை என்றார் அவர். மே மாத இறுதியில் வழக்கு கைவிடப்பட்டது. அதற்குள் விசா ரத்தாகிவிட்டது. பல ஆண்டுகள் வாழ்ந்த நாட்டை விட்டு அவர் கிளம்ப வேண்டியதாயிற்று.

வழக்கே நிற்கவில்லை, ஆனாலும் விசா போனது எப்படி?

இரண்டும் தனித்தனிக் கணக்கு. குற்றம் நிரூபணமானதா என்பதை நீதிமன்றம் பார்க்கும். நீங்கள் நாட்டில் இருக்கலாமா என்பதை 1979 குடிவரவுச் சட்டத்தின் கீழ் அதிகாரிகளே முடிவு செய்யலாம். பொது அமைதிக்கு ஆபத்தானவர் என்று கருதினாலே அனுமதியை ரத்து செய்ய அந்தச் சட்டம் இடம் தருகிறது.

ரத்து உத்தரவு கைக்கு வந்ததிலிருந்து மேல்முறையீட்டுக்குக் கிடைப்பது 48 மணி நேரம் மட்டுமே. வெள்ளிக்கிழமை மாலை உத்தரவு வந்தால் ஞாயிறு மாலையோடு முடிந்தது. வழக்கறிஞரின் எண்ணை முன்கூட்டியே வைத்திருங்கள் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

‘லைக்’ போடுவது, சும்மா பதில் போடுவது கூடவா?

2016இல் மாணவச் செயற்பாட்டாளர் ஒருவரின் அம்மா, ஃபேஸ்புக் உரையாடலில் வந்த செய்திக்கு ‘ஜா’ என்று ஒரே சொல்லில் பதில் போட்டார். தமிழில் ‘சரிப்பா’ என்பது போன்ற சொல். அதற்காக 112 வழக்கு. 2020 டிசம்பரில் விடுதலையானார். நான்கரை ஆண்டு நீதிமன்ற அலைச்சல், ஓர் அசைக்காக.

இன்னொன்றையும் பலர் யோசிப்பதில்லை. உங்கள் பதிவுக்குக் கீழே கருத்திடும் தாய் நண்பரும், நீங்கள் டேக் செய்த மைத்துனரும் அதே சட்டத்தின் கீழ் இருப்பவர்கள். உங்களுக்கு வெளியேற ஒரு பாஸ்போர்ட் இருக்கிறது. அவர்களுக்கு அது இல்லை. தாய் மனைவி வீட்டாரின் லைன் (செய்திச் செயலி) குழுவில் அரண்மனை பற்றிய படத்தைப் போடுவது துணிச்சல் ஆகாது, அவர்களை மாட்டிவிடுவது ஆகும்.

பிரதமர்கள் இத்தனை வேகமாக மாறுகிறார்களே, ஏன்?

2023 மே 14 தேர்தலில் மூவ் ஃபார்வர்டு 151 இடம், பியூ தாய் 141. அப்போது பிரதமர் தேர்வில் ராணுவ ஆட்சி நியமித்த 250 செனட்டர்களுக்கும் ஓட்டு இருந்தது. அவர்கள் மூவ் ஃபார்வர்டு தலைவர் பீட்டாவைத் தடுத்தார்கள். 2023 ஆகஸ்ட் 22 அன்று பியூ தாயின் ஸ்ரேத்தா பிரதமரானார். வெளிநாட்டில் இருந்த முன்னாள் பிரதமர் தக்சின் நாடு திரும்பியதும் அதே நாளில்.

2024 ஆகஸ்ட் 14: ஸ்ரேத்தா பதவி இழந்தார். முன்பு நீதிமன்ற அவமதிப்பில் சிறை சென்ற ஒருவரை அமைச்சராக்கியது நேர்மைத் தகுதிக்கு எதிரானது என்று 5–4 தீர்ப்பு. அடுத்து வந்த பேடோங்தார்ன் ஷினவத்ரா, கம்போடியாவின் முன்னாள் பிரதமர் ஹுன் சென்னுடன் பேசிய தொலைபேசி உரையாடல் கசிந்ததால் 2025 ஜூலை 1 இடைநீக்கம், ஆகஸ்ட் 29 பதவி நீக்கம். செப்டம்பர் 5 அன்று அனுட்டின் பிரதமராகத் தேர்வானார். டிசம்பர் 12 நாடாளுமன்றம் கலைந்தது.

இதில் இரண்டு பேரை நீக்கியது தேர்தலும் அல்ல, நம்பிக்கையில்லாத் தீர்மானமும் அல்ல. 9 நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன நீதிமன்றம். 2017 சாசனம் ‘வெளிப்படையான நேர்மை’, ‘ஒழுக்க நெறி’ போன்ற அளக்க முடியாத தகுதிகளைப் பிரதமருக்கு விதித்து, அளக்கும் வேலையை அந்த நீதிமன்றத்திடம் கொடுத்தது. நாற்காலி ஆடுவதற்குக் காரணம் அங்கே இருக்கிறது. தாய் அரசியலை ‘தக்சின் ஆதரவுச் சிவப்புச் சட்டை, எதிர்ப்பு மஞ்சள் சட்டை’ என்று மட்டும் விளக்கும் பழைய பாடம் இன்று போதாது.

அந்தத் தீர்ப்புகளை விமர்சிக்கலாமா?

அளவோடு. அரசியல் சாசன நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் (2018) 38ஆம் பிரிவு, நல்லெண்ணத்துடன் செய்யும் விமர்சனம் அவமதிப்பு ஆகாது என்கிறது. ஒரு நிபந்தனை: சொற்கள் முரட்டுத்தனமாகவோ, கேலியாகவோ, பழிவாங்கும் விதமாகவோ இருக்கக் கூடாது. ‘சாசனத்தின் 160ஆம் பிரிவுக்கு இந்தத் தீர்ப்பு தந்த விளக்கம் சரியல்ல, காரணம் இது’ என்று எழுதலாம். நீதிபதியின் படத்தில் கோமாளித் தொப்பி வைக்கக் கூடாது. மற்ற நீதிமன்றங்களுக்குக் குற்றவியல் சட்டம் 198 இருக்கிறது. நீதிபதியை அவமதித்தால் 1 முதல் 7 ஆண்டு.

விடுதியைப் பற்றிக் குறை எழுதினால் சிறையா?

ஆகலாம். தாய்லாந்தில் அவதூறு என்பது இழப்பீட்டு வழக்கு மட்டுமல்ல, குற்ற வழக்கும்கூட. 326ஆம் பிரிவில் 1 ஆண்டு வரை. எழுத்து, இணையம் மூலம் பரப்பினால் 328ஆம் பிரிவில் 2 ஆண்டு வரை சிறையும் 2,00,000 பாட் வரை அபராதமும். 2020இல் கோ சாங் தீவில் தங்கிய அமெரிக்கர் ஒருவர், விடுதியைப் பற்றி எழுதிய விமர்சனங்களுக்காகக் கைதானார். மன்னிப்புக் கேட்டபின் முடிந்தது.

‘நான் சொன்னது உண்மைதானே’ என்பது முழுக் கவசம் அல்ல. 330ஆம் பிரிவின்படி, உண்மை என்று நிரூபித்தால் தண்டனை இல்லை. ஆனால் அது ஒருவரின் தனிப்பட்ட விஷயமாகவும் பொதுமக்களுக்குப் பயனில்லாததாகவும் இருந்தால், நிரூபிக்கவே அனுமதி இல்லை. எனவே குறை எழுதும்போது நடந்ததை மட்டும் எழுதுங்கள்: தேதி, அறை, கட்டிய தொகை, கேட்ட பதில். ‘திருடன்’, ‘மோசடிக் கும்பல்’ போன்ற சொற்களைத் தவிருங்கள். ஒரே விமர்சனத்தை ஐந்து தளங்களில் போடாதீர்கள், ஐந்து பரப்பல்களாக எண்ணப்படலாம். ரசீதும் படமும் பத்திரமாக இருக்கட்டும்.

எதிர்த்தரப்பு புகார் கொடுக்கக் காலவரம்பு, விஷயமும் ஆளும் தெரிந்த நாளிலிருந்து 3 மாதம். இது சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றம். அதனால் பெரும்பாலான வழக்குகள் பதிவை நீக்கி மன்னிப்புக் கேட்பதோடு முடிகின்றன.

ஊர்வலத்துக்குப் போகலாமா? கட்சிக்கு நன்கொடை தரலாமா?

போகாதீர்கள், தராதீர்கள். கட்சிகள் வெளிநாட்டவரிடம் பணமோ பொருளோ பெறுவதைக் கட்சிச் சட்டம் தடை செய்கிறது. தொகை சிறியதாக இருந்தாலும் நீங்கள் ஆதரிக்கும் கட்சிக்கே அது ஆபத்து. தேர்தல் காலத்தில் வேட்பாளருக்கு ஆதரவாகவோ எதிராகவோ வெளிநாட்டவர் செயல்படுவதும் தடை. துண்டறிக்கை கொடுப்பது, பிரசார வண்டியில் ஏறுவது, கட்சிச் சட்டை போட்டுக்கொண்டு வாக்குச்சாவடிப் பக்கம் சுற்றுவது எல்லாம் வம்பு. குடியுரிமை பெற்றவர்கூட 5 ஆண்டு கழித்தே ஓட்டுப் போட முடியும்.

தேர்தல் நாளுக்கு முந்தைய மாலை 6 மணியிலிருந்து மறுநாள் மாலை 6 மணி வரை மது விற்பனைக்கும் விருந்துக்கும் தடை. உணவகம் நடத்துபவர்கள் கவனிக்க வேண்டும், தேநீர்க் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தாலும் குற்றம்தான்.

‘அமைச்சரவை ஒப்புதல்’ என்று செய்தி வந்துவிட்டது. அது சட்டமாகிவிட்டதா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

தாய் அமைச்சரவை செவ்வாய்க்கிழமை தோறும் கூடும். மாலைக்குள் ஆங்கிலத் தளங்களில் ‘ஒப்புதல்’ என்று தலைப்பு வரும். அது பெரும்பாலும் கொள்கை அளவிலான ஒப்புதல். அதன்பின் வரைவு, சட்டக் குழுவின் ஆய்வு, தேவையானால் நாடாளுமன்றம் என்று போய், கடைசியில் அரசிதழில் வர வேண்டும். தாய் மொழியில் அதற்கு ‘ராட்சகிட்சானுபேக்சா’ என்று பெயர். அதில் வரும்வரை எதுவும் சட்டம் இல்லை. வந்தபிறகும் அமலாகும் தேதி வேறாக இருக்கலாம்.

300 பாட் சுற்றுலாக் கட்டணத்துக்கு 2023 பிப்ரவரியில் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. சொன்ன தேதியில் வசூல் தொடங்கவில்லை. 4 கோடி பாட் முதலீடு செய்யும் வெளிநாட்டவருக்கு ஒரு ராய் (1,600 சதுர மீட்டர்) நிலம் என்ற புதிய திட்டம் 2022 அக்டோபரில் கொள்கை அளவில் ஏற்கப்பட்டு, மக்கள் எதிர்ப்பால் இரண்டே வாரத்தில் திரும்பப் பெறப்பட்டது. 99 ஆண்டு குத்தகை, காண்டோவில் (அடுக்குமாடிக் குடியிருப்பில்) வெளிநாட்டவருக்கு 75 விழுக்காடு ஒதுக்கீடு என்று 2024 ஜூனில் வந்தது ஆராயச் சொன்ன உத்தரவு மட்டுமே. அதை நம்பி முன்பணம் கட்டியவர்களுக்கு அந்தச் செய்தித் தலைப்பு எந்த உரிமையும் தராது. மாறாக, 60 நாள் விசா விலக்கு 2024 மே இறுதியில் அமைச்சரவையில் ஏற்கப்பட்டு, ஜூலை 15 அன்று அமலானது. இந்திய, இலங்கை பாஸ்போர்ட் உள்ளவர்களும் அதில் சேர்ந்தார்கள். இடைப்பட்ட வாரங்களில் வந்து இறங்கியவர்களுக்குப் பழைய விதிதான்.

அரசிதழின் தேதிகள் புத்த ஆண்டில் இருக்கும். 543ஐக் கழியுங்கள்: 2568 என்றால் 2025. கைப்பேசி மொழிபெயர்ப்பில் ‘இன்று முதல்’, ‘வெளியான மறுநாள் முதல்’, ‘90 நாள் கழிந்தபின்’ ஆகிய மூன்றும் குழம்பும். அந்த ஒரு வரியைத் தாய் தெரிந்தவரிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

கஞ்சா சட்டபூர்வமா, இல்லையா?

2022 ஜூன் 9 அன்று போதைப்பொருள் பட்டியலிலிருந்து பூவும் இலையும் வெளியே வந்தன. ஒழுங்குபடுத்தும் சட்டம் மட்டும் வரவேயில்லை, கடைகள் தெருவெங்கும் முளைத்தன. 2025 ஜூன் 26 முதல் கட்டுப்படுத்தப்பட்ட மூலிகையான கஞ்சாப் பூவுக்கு விதி இறுகியது. மருத்துவச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, சீட்டுக்கு 30 நாள் அளவு வரை. பொது இடத்தில் புகைப்பது தொல்லைக் குற்றம். கடையின் பச்சைப் பலகை இன்னும் தொங்குகிறது என்பதால் விதி பழையது என்று எண்ணாதீர்கள்.

ஊருக்குக் கொண்டுபோவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். பாங்காக்கிலிருந்து வரும் பைகளில் கஞ்சா பிடிபட்ட செய்தி சென்னை விமான நிலையத்திலிருந்து அடிக்கடி வருகிறது. தாய்லாந்தின் எந்த விதியும் அங்கே செல்லாது.

மின் சிகரெட் இதற்கு நேர்மாறு. 2014 முதல் இறக்குமதித் தடை, 2015 முதல் விற்பனைத் தடை. பையில் ஒன்று இருந்தாலே சுங்கச் சட்டம் பாயலாம்.

வெளிநாட்டிலிருந்து நான் கொண்டுவரும் பணத்துக்கு வரியா?

ஓர் ஆண்டில் 180 நாளோ அதற்கு மேலோ தாய்லாந்தில் இருந்தால் நீங்கள் வரிக் குடியிருப்பாளர். முன்பெல்லாம் சம்பாதித்த ஆண்டில் கொண்டுவராமல் அடுத்த ஆண்டு கொண்டுவந்தால் வரி இல்லை. 2023 செப்டம்பரில் வந்த வருவாய்த் துறை உத்தரவு அந்த ஓட்டையை அடைத்தது. 2024 ஜனவரி 1 முதல் ஈட்டிய வெளிநாட்டு வருமானம், எந்த ஆண்டு உள்ளே வந்தாலும் வரிக்கு உட்பட்டது. அதற்கு முன் சேர்த்த பணத்துக்கு விலக்கு உண்டு, ஆதாரம் காட்ட வேண்டியது நீங்கள். 2023 டிசம்பர் 31 அன்றைய வங்கி இருப்புச் சான்றை இன்றே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அஞ்சியவர்கள் பலர் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. 6,00,000 பாட் தனியார் ஓய்வூதியம் கொண்டுவருகிறீர்கள் என்று வையுங்கள். செலவுக் கழிவு 1,00,000. தனிநபர் கழிவு 60,000. மீதி 4,40,000. முதல் 1,50,000க்கு வரி இல்லை. அடுத்த 1,50,000க்கு 5 விழுக்காடு, 7,500. எஞ்சிய 1,40,000க்கு 10 விழுக்காடு, 14,000. மொத்தம் 21,500 பாட். 65 வயது நிரம்பியிருந்தால் மேலும் 1,90,000 கழியும், வரி 5,000க்கு இறங்கிவிடும். படிவம் மார்ச் 31க்குள்.

இந்தியாவுக்கும் தாய்லாந்துக்கும் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. அரசு ஓய்வூதியத்துக்கும் தனியார் ஓய்வூதியத்துக்கும் அதில் தனித்தனிப் பிரிவு. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. விதி தளரப்போகிறது என்று 2025இல் செய்திகள் வந்தன. மேலே ‘அமைச்சரவை ஒப்புதல்’ கேள்விக்குச் சொன்ன பதிலை நினைவில் வையுங்கள்.

தாய் நண்பர் பெயரில் கம்பெனி வைத்து நிலம் வாங்கலாம் என்கிறார்களே?

வேண்டாம். நிலம் பொதுவாக வெளிநாட்டவர் பெயரில் வராது. அதைச் சுற்றிவர 51 விழுக்காட்டைப் பெயரளவில் தாய் பங்குதாரர்களுக்குக் கொடுப்பது பினாமி. வெளிநாட்டு வணிகச் சட்டத்தின் 36ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 1,00,000 முதல் 10,00,000 பாட் வரை அபராதம், இரு தரப்புக்கும். ‘இருபது வருடமாக எல்லோரும் செய்வதுதான்’ என்பார் தரகர். அதிகாரிகள் முதலில் பார்ப்பது, அந்தத் தாய் பங்குதாரருக்கு அவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான்.

நேர்வழி இரண்டு. காண்டோ: கட்டடத்தின் மொத்தப் பரப்பில் 49 விழுக்காட்டுக்குள் உங்கள் பெயரிலேயே வாங்கலாம், பணம் வெளிநாட்டு நாணயமாக உள்ளே வந்ததற்கு வங்கிச் சான்று வேண்டும். வீட்டிலேயே பாட்டாக மாற்றி அனுப்பினால் சான்று கிடைக்காது, பதிவு நின்றுவிடும். இன்னொன்று குத்தகை: 30 ஆண்டு வரை. 3 ஆண்டுக்கு மேற்பட்டது நிலப்பதிவு அலுவலகத்தில் பதிவாக வேண்டும். 30+30+30 என்று தாளில் எழுதலாம், உறுதியாக உங்களுடையது முதல் முப்பது மட்டுமே.

90 நாள் அறிக்கை, டி.எம்.30 – எது யாருடைய வேலை?

90 நாளுக்கு ஒருமுறை முகவரியைத் தெரிவிக்கும் அறிக்கை (டி.எம்.47) உங்களுடையது. கெடு நாளுக்கு 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்புவரை கொடுக்கலாம். தாமதமாக நீங்களே போனால் 2,000 பாட். நாட்டை விட்டுப் போய்த் திரும்பினால் எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்கும். வெளிநாட்டவர் வந்து தங்கியதைத் தெரிவிக்கும் டி.எம்.30 படிவம் வீட்டு உரிமையாளருடையது: நீங்கள் வந்த 24 மணி நேரத்துக்குள். அவர் மறந்தால் அபராதம் அவருக்கு, ஆனால் விசா நீட்டிப்பில் மாட்டுவது நீங்கள். வீட்டை எடுக்கும் நாளிலேயே உரிமையாளரின் அடையாள அட்டை நகலும், ‘தபியன் பான்’ எனும் நீலநிற வீட்டுப் பதிவேட்டு நகலும் வாங்கிவிடுங்கள்.

அனுமதி நாள் தாண்டினால் நாளுக்கு 500 பாட், உச்சம் 20,000. தாமாக வந்தவர்களுக்கு 90 நாளுக்கு மேல் தாண்டியிருந்தால் 1 ஆண்டுத் தடை. பிடிபட்டால் ஒரே நாள் தாண்டியிருந்தாலும் 5 ஆண்டு. தாண்டிவிட்டது தெரிந்தால் விமான நிலையத்துக்கு நேரே போங்கள், சாலைச் சோதனையில் சிக்காதீர்கள்.

ஒருபால் திருமணம்?

2025 ஜனவரியிலிருந்து செல்லும், ஒருவர் வெளிநாட்டவராக இருந்தாலும். தூதரகத்தில் மணமாகாதவர் என்ற சான்று, தாய் மொழிபெயர்ப்பு, வெளியுறவு அமைச்சகச் சான்றொப்பம், பிறகு மாவட்ட அலுவலகமான ‘அம்போ’. சொந்த நாட்டில் அந்தத் திருமணம் செல்லுமா என்பது வேறு கேள்வி. இந்தியாவில் இன்று செல்லாது.

பாங்காக்கில் ‘டேட்டா என்ட்ரி’ வேலை, விமானச் சீட்டு இலவசம் என்கிறார்கள். நம்பலாமா?

பாங்காக்கில் இறக்கி, காரில் மேற்கே எட்டு மணி நேரம் ஓட்டி மே சோட் கொண்டுபோனால், அங்கே மோய் ஆற்றுக்கு அக்கரை மியான்மரின் மியாவடி. இணைய மோசடிக் கூடங்கள் அங்கேதான். 2025 பிப்ரவரியில் தாய்லாந்து எல்லைக்கு அப்பால் மின்சாரத்தை நிறுத்தியது. மார்ச்சில் 500க்கும் மேற்பட்ட இந்தியர் விமானப்படை விமானங்களில் மீட்கப்பட்டார்கள்.

உண்மையான தாய் வேலைக்கு, வழக்கமாக நாட்டுக்குள் வருமுன்பே வேலை செய்வதற்கான ‘நான்-பி’ விசா வேண்டும், பிறகு பணி அனுமதி. ‘சுற்றுலா விசாவில் வா, பிறகு மாற்றிக்கொள்ளலாம்’ என்ற வாக்கியம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். வந்து இறங்கிய பிறகு சந்தேகம் வந்தால், கார் பாங்காக்கைத் தாண்டுமுன் பெட்ரோல் நிலையத்தில் இறங்கி 1155ஐ அழையுங்கள். சுற்றுலாப் போலீஸ், ஆங்கிலத்தில் பேசலாம்.

காவல் நிலையத்திலிருந்து அழைப்பாணை வந்துவிட்டது. என்ன செய்வது?

முதலில், ஓடாதீர்கள். தாய் மொழியில் ‘மாய் ரியக்’ எனப்படும் அழைப்பாணை கைது அல்ல. அதைப் புறக்கணித்தால் கைதாணை வரும், விமான நிலையக் கணினியில் உங்கள் பெயர் ஏறும்.

தாளைப் படமெடுத்து வழக்கறிஞருக்கு அனுப்புங்கள். அதில் பிரிவு எண், காவல் நிலையம், ஆஜராக வேண்டிய நாள் மூன்றும் இருக்கும். நாள் நெருக்கமாக இருந்தால் தள்ளிவைக்க வழக்கறிஞர் எழுதிக் கேட்கலாம், பெரும்பாலும் கிடைக்கும். தூதரகத்துக்குச் சொல்லுங்கள். தூதரகம் வழக்கறிஞர் பட்டியல் தரும், உங்களைப் பார்க்க வரும். வழக்கை நடத்தாது.

நிலையத்தில் மொழிபெயர்ப்பாளர் கேட்பது உங்கள் உரிமை, கட்டணமும் இல்லை. வாய்மூடி இருக்கவும் உரிமை உண்டு. படிக்க முடியாத தாய் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், ‘இது வெறும் வருகைப் பதிவு’ என்று சிரித்துக்கொண்டே சொன்னாலும். கைப்பேசியின் கடவுச்சொல்லை நீதிமன்ற ஆணை இல்லாமல் கேட்டால், வழக்கறிஞர் வரட்டும் என்று மட்டும் சொல்லுங்கள். பதிவை அவசரமாக அழிப்பது இன்னொரு சிக்கலை உண்டாக்கலாம். அழிப்பதா என்பதையும் வழக்கறிஞரிடமே கேளுங்கள்.

கைதானால் காவலில் 48 மணி நேரம். பிறகு நீதிமன்றம் 12 நாள் தவணைகளாகக் காவலை நீட்டிக்கலாம். 112 போன்ற கடும் குற்றத்துக்கு அதிகபட்சம் 84 நாள். ஜாமீன் மனு முதல் நாளிலேயே தயாராக இருக்க வேண்டும்: வாடகை ஒப்பந்தம், வேலைச் சான்று, குடும்பப் பதிவேடு, பிணைத்தொகை. ஓடிவிட மாட்டீர்கள் என்று நீதிபதியை நம்பவைப்பவை இவை. பாஸ்போர்ட்டை நீதிமன்றம் வாங்கி வைக்கும். அந்த நாட்களிலும் விசா கெடு ஓடிக்கொண்டே இருக்கும், 90 நாள் அறிக்கையும் நிற்காது. பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களையும் நகலெடுத்து வைத்துக்கொண்டு, நீதிமன்றக் கடிதத்துடன் குடிவரவு அலுவலகத்துக்கு நீங்களே போக வேண்டும்.